ஜடேஜா அவுட்டுக்குக் கைதட்டினோமே, அது சரியா?

மாம்பலம்_மஞ்சள்:

ரொம்ப நாளா உறுத்திக்கிட்டு இருக்கிற விஷயம். இன்னிக்கு இங்க இறக்கி வெச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.

ஐபிஎல்ல நம்ம சி.எஸ்.கே.வை விட்டு ஜடேஜா ராஜஸ்தானுக்குப் போயிட்டார். சஞ்சு சாம்சன் இங்க வந்துட்டார். 2012ல இருந்து மஞ்சச் சட்டையிலேயே பார்த்துப் பழகின ஆளு. நம்ம டீமே இல்லாத 2016, 2017 ரெண்டு வருஷம்தான் வேற கலர்ல பார்த்தோம். செய்தி வந்த அன்னிக்கு எங்க வீட்டுல யாரும் சரியா சாப்பிடல. எங்க அம்மாவுக்கு எல்.பி.டபிள்யூ.ன்னா என்னன்னே தெரியாது. அவங்களே அடுப்படியில இருந்து எட்டிப் பார்த்து, "அந்த பேட்டை வாள் மாதிரி சுத்துற பையனா போறான்?"னு கேட்டாங்க.

அப்பதான் எனக்கு 2023 சீசன்ல பார்த்த ஒரு மேட்ச் ஞாபகம் வந்துது. சேப்பாக்கம். கடைசி மூணு நாலு ஓவர் இருக்கும். ஜடேஜா தூக்கி அடிச்சார், பந்து நேரா பவுண்டரி ஓரம் நின்னவன் கைக்குப் போகுது. பந்து காத்துல இருக்கும்போதே நான் சீட்டை விட்டு எழுந்துட்டேன். கேட்ச் விழுந்ததும் மொத்த ஸ்டேடியமும் ஆடுது. விசில் காதைக் கிழிக்குது. நானும் தொண்டை கிழியக் கத்துறேன். ஏன்னா அடுத்து தல தோனி இறங்கணும்.

எனக்கு முன் வரிசையில ஒருத்தர் தோள்ல மகனைத் தூக்கி வெச்சிருந்தார். ஆறு வயசு இருக்கும். முதுகுல 7 போட்ட சட்டை அவனுக்கு முழங்கால் வரைக்கும் தொங்குது. அவன் குனிஞ்சு அப்பா காதைப் பிடிச்சுக்கிட்டு கேட்டான்: "அப்பா, அவுட்டானது நம்மாளுதானே?"

"ஆமாடா, கை தட்டு"ன்னார் அப்பா. அவன் தட்டல. ஜடேஜா பேட்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, கிளவுஸைக் கழட்டிக்கிட்டே படி ஏறிப் போற வரைக்கும் அவரையே பார்த்துக்கிட்டு இருந்தான்.

சொல்லுங்க மக்களே. நாம செஞ்சது சரியா?

காஜி_மன்னன்:

மச்சி, தெரு கிரிக்கெட் ஆடினவன் எவனுக்கும் இது புதுசு இல்ல. இதுக்குப் போய் உறுத்தலா?

எங்க புரசைவாக்கம் தெருவுல ஒரு டீமுக்குப் பதினோரு பேர் எங்க தேறும்? பக்கத்துக்கு நாலு பேர், ரெண்டு பக்கமும் ஆடுற ஜோக்கர் ஒருத்தன். பேட் ஒண்ணே ஒண்ணு. பேட் கொண்டு வந்தவன்தான் ஓப்பனிங். அவன் பாட்டுக்குப் பந்தைத் தடுத்து டொக்கு வெச்சுக்கிட்டே காஜி, அதான் பேட்டிங், அடிச்சுக்கிட்டு இருப்பான். நாம டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல குத்த வெச்சு உட்கார்ந்து, இவன் எப்படா அவுட் ஆவான்னு பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துக்குவோம். அவன் நம்ம டீம்தான். அவன் போனா நம்ம ஸ்கோருக்குத்தான் அடி. தெரியும். ஆனா இருட்டிக்கிட்டு வருதே, தெரு லைட்டு எரிஞ்சதும் வீட்டுல கூப்பிடுவாங்களே, நமக்குக் காஜி வேணுமே! அவன் போல்டானதும் எதிர் டீம் பவுலரை முதல்ல ஓடிப்போய்க் கட்டிப் பிடிக்கிறது நாமதான்.

இன்னொண்ணு, தெருவுல பேட்டிங் டீம்தான் அம்பயர். நான் அம்பயரா நிக்கிறப்ப எங்க அண்ணன் ஒரு பந்தை மூணாவது மாடிக்குத் தூக்கினான். மொட்டை மாடிக்குப் போனா அவுட்டு, சன்ஷேட்ல பட்டுக் கீழ விழுந்தா அவுட் இல்ல. பந்து இன்னும் மேலயே இருக்கு, எங்க விழும்னு யாருக்கும் தெரியாது. நான் விரலைத் தூக்கிட்டேன். அடுத்த காஜி என்னுது. பந்து சன்ஷேட்ல பட்டுக் கீழ வந்துது. இன்னிக்கும் சொந்தக்காரங்க கல்யாணத்துல பந்தியில உட்கார்ந்தா எங்க அண்ணன் அந்தக் கதையைத்தான் முதல்ல எடுப்பான்.

அந்தப் பசங்கதான் வளர்ந்து டிக்கெட் வாங்கி சேப்பாக்கத்துல உட்கார்ந்திருக்காங்க. தலைக்குக் காஜி கேட்டாங்க. அதுல ஜடேஜா மேல வெறுப்பு ஒரு சொட்டு இல்ல.

ஜே_கேலரி_பொண்ணு:

காஜி அண்ணா, உங்க அண்ணன் பாவம். ஆனா நீங்க சொன்னது நிஜம்.

நான் 2024 ஏப்ரல் 8, கொல்கத்தா மேட்சுக்குப் போயிருந்தேன். 138 அடிச்சா ஜெயிக்கலாம், ஜெயிக்க இன்னும் மூணே ரன். நம்ம துபே அவுட். பெவிலியன் படியில ஜடேஜா பேட்டோட இறங்கி வர்றார். ஸ்டேடியத்துல ஒரு பெருமூச்சு வந்துது பாருங்க, அத்தனாயிரம் பேரும் ஒண்ணா விட்ட பெருமூச்சு. நாலு எட்டு வெச்சவர் சிரிச்சுக்கிட்டே திரும்பி உள்ள போயிட்டார். பின்னாடியே தல! அந்தச் சத்தத்தை எழுத்துல எழுத முடியாது. மைதானத்துல நின்ன கொல்கத்தா ஆளு ஆண்ட்ரே ரஸ்ஸல் ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டார். என் பக்கத்து சீட்டு அக்கா கையில இருந்த பாப்கார்ன் மொத்தமும் என் தலையில. அடுத்த நாள் குளிக்கும்போதும் ஒண்ணு வந்துது.

ஜடேஜாவே நம்ம ஆசையைப் புரிஞ்சுக்கிட்டு நம்மளோட விளையாடினார்னு அன்னிக்கு நினைச்சேன். இன்னிக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். இது திருவிழா. திருவிழாவுல தேர் வர்றப்ப முன்னாடி போற யானையை நாம நின்னு பார்க்கிறதில்லையே. அதுக்காக யானை மேல மரியாதை இல்லைன்னு ஆகிடுமா?

தல இறங்கி என்ன கிழிச்சார்னு கேட்கிறவங்களுக்கு: அதே மாசம் மும்பை வான்கடேயில கடைசி ஓவர்ல வந்து நாலு பந்துல 20. நாம ஜெயிச்சது எத்தனை ரன் வித்தியாசத்துல? அதே 20.

மாம்பலம்_மஞ்சள்:

ஜே கேலரி, அந்தக் கொல்கத்தா மேட்ச்ல மேன் ஆஃப் த மேட்ச் யாருன்னு ஞாபகம் இருக்கா? ஜடேஜா. 18 ரன் கொடுத்து மூணு விக்கெட். அந்த 138ங்கிற டார்கெட்டே அவர் போட்டுக் கொடுத்தது. வீடு திரும்பறப்ப மெட்ரோவுல யாராவது அதைப் பத்திப் பேசினாங்களா? எங்க பெட்டியில ஒருத்தர்கூடப் பேசல. நானும் பேசல.

ஜே_கேலரி_பொண்ணு:

பேசல. ஒத்துக்கிறேன். நாங்க சின்னமலை வரைக்கும் தல படி இறங்கினதைப் பத்தியே பேசினோம்.

தொண்ணூத்தொம்பது:

தம்பி தங்கச்சிகளா, நடுவுல வர்றேன். எனக்கு வயசு முப்பத்தேழு, உங்களுக்கு அண்ணன் முறை.

1999 ஜனவரி 31. சேப்பாக்கத்துல பாகிஸ்தான் டெஸ்ட், நாலாவது நாள். எங்க அப்பா என்னை பஸ்ல கூட்டிட்டுப் போனார். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு பொரியல், அலுமினியத் தூக்கு. 271 அடிக்கணும். டெண்டுல்கர் முதுகு வலியோட 136. அவர் ஒவ்வொரு தடவை இடுப்பைப் பிடிக்கும்போதும் எங்க அப்பாவும் தன் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டார். சக்லைன் பந்துல அவர் தூக்கி அடிச்சு அவுட் ஆனப்ப இன்னும் 17 ரன்தான் வேணும். அதுக்கப்புறம் நாலு ரன்னுக்குள்ள மிச்சம் எல்லாரும் காலி. 12 ரன்ல தோல்வி.

ஒரு நிமிஷம் ஸ்டேடியம் செத்துப் போச்சு. பக்கத்துல ஒரு பெரியவர் தூணைப் பார்த்துக்கிட்டு அழுதுக்கிட்டு இருந்தார். அப்புறம் எங்கேயோ ஒரு மூலையில நாலு பேர் எழுந்து தட்டினாங்க. பத்து பேர். ஒரு வரிசை. மொத்த கேலரியும் எழுந்து நின்னுது. வாசிம் அக்ரம் டீம் மைதானத்தைச் சுத்தி ஓடி வந்தாங்க. நான் "எதுக்குப்பா இவங்களுக்குத் தட்டுறோம்?"னு கேட்டேன். அப்பா பதில் சொல்லல. என் ரெண்டு கையையும் எடுத்து, தன் கையால சேர்த்துத் தட்ட வெச்சார். அந்தக் கை பிசுபிசுன்னு இருந்துது, எலுமிச்சை சாத எண்ணெய்.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1997ல, பாகிஸ்தானோட சயீத் அன்வர் இங்க 194 அடிச்சப்பவும் இந்த ஊர் தட்டித்தான் அனுப்பி வெச்சுது. எதிரிக்கே எழுந்து நின்ன ஊர்ப்பா இது. சொந்த ஆளு தலை குனிஞ்சு போறப்ப விசில் அடிச்சா எனக்கு வயித்தைப் பிசையுது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

காஜி_மன்னன்:

அண்ணே, படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு. ஆனா ஒண்ணு கேட்கிறேன், கோவிச்சுக்காதீங்க. டெஸ்ட் மேட்சுல அஞ்சு நாள் டைம் இருக்கு. ஐபிஎல்ல தலையை நாம பார்க்கிறதே சீசனுக்கு மொத்தமா கொஞ்சம் பந்துதான். 2025ல 1,700 ரூபாய் டிக்கெட்டுக்கு ஆன்லைன் வரிசையில லட்சத்துக்கு மேல ஆளு முன்னாடி நின்னான். ஆர்.சி.பி.கிட்ட 2025ல, 2008க்கு அப்புறம் முதல் தடவையா, சேப்பாக்கத்துல தோத்தோமே, அன்னிக்கு தல இறங்கினது ஒன்பதாவது ஆளா. ஒன்பதாவது! அத்தனை நேரம் காத்திருந்தவன் என்ன செய்வான்?

மாம்பலம்_மஞ்சள்:

அப்ப நான் இதைச் சொல்லியே ஆகணும். 2023 ஃபைனல், அகமதாபாத். மழை வந்து, ஓவர் குறைச்சு, விடியற்காலை ஒன்றரை மணி வரைக்கும் போன மேட்ச். அதுல தல முதல் பந்துலேயே அவுட். நினைவிருக்கா? மோஹித் சர்மா பந்து, நேரா கேட்ச். அன்னிக்கு நம்மள்ல ஒருத்தன்கூடக் கைதட்டல. எங்க வீட்டுல டி.வி.யை அணைக்கப் போனாங்க.

தல அவுட் ஆனதால இறங்கினது யாரு? ஜடேஜா. கடைசி ரெண்டு பந்து, பத்து ரன். ஒரு சிக்ஸ். ஒரு ஃபோர். கோப்பை. தல அவரை இடுப்போட சேர்த்துத் தூக்கிக்கிட்டார்.

தலையைப் பார்க்க ஜடேஜா அவுட் ஆகணும்னு ஒரு சீசன் முழுக்கத் தவிச்சோம். கடைசியில தல அவுட் ஆனதும் ஜடேஜாதான் வந்து அஞ்சாவது கோப்பையைக் கையில கொடுத்தார். இதுல எனக்குத் தெரியிற நியாயம் ஒண்ணுதான்: நாம அவருக்கு ஒரு கைதட்டல் பாக்கி வெச்சிருக்கோம்.

காஜி_மன்னன்:

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல மச்சி. தல டக் அவுட்டை நான் மறந்தே போயிட்டேன்.

டொக்கு_ரசிகன்:

சேப்பாக்கத்துக்குத் தட்டத் தெரியாதுன்னு யாரும் முடிவுக்கு வந்துடாதீங்க. 2021 பிப்ரவரி, இங்கிலாந்து டெஸ்ட். நம்ம மாம்பலத்து அஸ்வின் செஞ்சுரியை நெருங்கிட்டார். ஒன்பது விக்கெட் போச்சு. எதிர் முனையில சிராஜ். சிராஜ் தடுக்கிற ஒவ்வொரு பந்துக்கும் சிக்ஸ் அடிச்ச மாதிரி விசில். ஒரு டொக்குக்கு விசில் அடிச்ச ஊர் உலகத்துல வேற எங்க இருக்கு? அஸ்வின் 106. நூறைத் தொட்டப்ப அவரைவிட உயரமா குதிச்சது சிராஜ்தான்.

2023 உலகக் கோப்பையில ஆப்கானிஸ்தான் இங்க பாகிஸ்தானை ஜெயிச்சப்பவும் நான் கேலரியில இருந்தேன். அவங்க சுத்தி வந்தப்ப வாலாஜா சாலை வரைக்கும் சத்தம். அண்ணன் சொன்ன 1999 இன்னும் இந்த ஊருல உயிரோடதான் இருக்கு.

வியாசை_நம்பர்_பத்து:

இன்னாபா, கிரிக்கெட்டைத் தவிர வேற கேமே கெடையாதா? எங்க ஃபுட்பால் பக்கமும் கொஞ்சம் திரும்பிப் பாருங்கோ.

வியாசர்பாடின்னா பிரேசில்தான். எங்க தாத்தா காலத்துலேர்ந்து. 2022 வேர்ல்டு கப்புல நெய்மார் எக்ஸ்ட்ரா டைம்ல கோல் போட்டான். தெருவே பட்டாசு கொளுத்திருச்சு. மூணு நிமிஷம்தான் பாக்கி, குரோஷியாக்காரன் திருப்பிப் போட்டுட்டான். பெனால்டில அவுட். அடுத்த நாள் காலையில எங்க தெருவுல டீக்கடை இருந்துது, டீ இருந்துது, குடிக்கத்தான் ஆளு இல்ல.

ஃபைனல் அர்ஜென்டினா. எங்களுக்கு ஜென்மப் பகை. ஸ்க்ரீன் கட்டினது நாங்கதான், ஆனா பிரான்சுக்கு சப்போர்ட்டுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் உட்கார்ந்தோம். எம்பாப்பே ரெண்டு நிமிஷத்துக்குள்ள ரெண்டு போட்டப்ப நாற்காலி ஒடைஞ்சுது. 3-3. நூத்தி இருபதைத் தாண்டி மூணாவது நிமிஷம். பிரான்சோட கோலோ முவானி தனியா பந்தோட நிக்கிறான், எதுத்தாப்புல அர்ஜென்டினா கோல்கீப்பர் மார்ட்டினஸ் மட்டும். அடிச்சான். மார்ட்டினஸ் இடது காலை நீட்டினான்.

எங்க டீம் கோல்கீப்பர், பிரேசில் வெறியன், முதுகுல பச்சை குத்தினவன், எழுந்து நின்னு "டேய் இன்னாமா நிறுத்தினான்டா!"ன்னு கத்திட்டான். கத்திட்டு சுத்திப் பார்க்கிறான். மொத்தத் தெருவும் அவனையே பார்க்குது. அவன் சொன்னான்: "நான் அர்ஜென்டினாவுக்குக் கத்தல, கோல்கீப்பருக்குக் கத்தினேன்."

அவன் தினமும் சாயங்காலம் செம்மண் தரையில அந்த மாதிரி காலை நீட்டி நீட்டித் தோல் போனவன். அந்தக் கால் எவ்ளோ வலிக்கும்னு அவனுக்குத்தான் தெரியும். அதான் கத்திட்டான். நல்ல ஆட்டத்துக்குக் கத்துறது ஒரு சாதி. ஆளுக்காகக் கத்துறது ஒரு சாதி. ரெண்டும் வேணும், நைனா.

நள்ளிரவு_கன்னர்:

நம்பர் பத்து, உங்க கோல்கீப்பருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

நான் சோழிங்கநல்லூர்ல நைட் ஷிப்ட். லண்டன் ஃபுட்பால் கிளப் ஆர்சனல் ரசிகன். 2003-04ல 38 மேட்ச், 26 வெற்றி, 12 டிரா, ஒரு தோல்வி இல்ல. அப்ப எனக்கு ரெண்டு வயசு, ஆனாலும் அந்த டீமோட பதினோரு பேரையும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஐரோப்பா சாம்பியன்ஸ் லீக் நம்ம நேரம் பெரும்பாலும் நடுராத்திரி பன்னெண்டரைக்கு மேலதான். வீட்டுல இருக்கிற நாள்ல கோலுக்குக் கத்த முடியாது, பாட்டி பக்கத்து ரூம். அதனால தலகாணியைக் கடிச்சுக்குவேன். ரெண்டு உறை கிழிஞ்சாச்சு.

மெரினா_அரீனா:

தலகாணியைக் கடிக்கிறதுக்குப் பதிலா சனிக்கிழமை சாயங்காலம் நேரு ஸ்டேடியத்துக்கு வாங்க ப்ரோ. வயிறு நிறையக் கத்தலாம், பாட்டியையும் கூட்டிட்டு வரலாம். நம்ம ஊரு ஃபுட்பால் டீம் சென்னையின் எஃப்சி இந்தியன் சூப்பர் லீக்ல ரெண்டு தடவை சாம்பியன், 2015, 2018. 2015ல கோவாவுலேயே போய், 90வது நிமிஷத்துல பின்தங்கி இருந்து, கடைசி ரெண்டு மூணு நிமிஷத்துல ரெண்டு கோல். 2018ல பெங்களூருவுலேயே பெங்களூருவை. மைல்சன் ஆல்வ்ஸ் தலையால ரெண்டு. லண்டன் கிளப்போட பழைய டீமை மனப்பாடமா சொல்ற பசங்க எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கு இதுல உண்மையாவே வருத்தம். சென்னையிலேயே பிறந்த நந்தகுமார் 2023 டூரண்ட் கோப்பையில மோகன் பகானுக்கு எதிரா கோல் போட்டு ஈஸ்ட் பெங்காலை ஜெயிக்க வெச்சார். கொல்கத்தா அவரைத் தலையில தூக்கி வெச்சு ஆடுது. இங்க அவர் பஸ்ல ஏறினா எத்தனை பேருக்கு அடையாளம் தெரியும்?

நள்ளிரவு_கன்னர்:

இந்த அடி எனக்கு விழ வேண்டியதுதான். அடுத்த ஹோம் மேட்ச் தேதி சொல்லுங்க, வர்றேன். பாட்டிகிட்ட கேட்டேன், "வெயில் இருக்குமா?"ன்னு கேட்டாங்க. வருவாங்கன்னு அர்த்தம்.

தண்ணி_குடிச்ச_பார்சா:

சுருக்கமா என் சோகத்தையும் கேளுங்க. 2019, லிவர்பூலுக்கு எதிரா எங்க பார்சிலோனா 3-0 முன்னிலையோட போன சாம்பியன்ஸ் லீக் செமி ஃபைனல் ரெண்டாவது லெக். 79வது நிமிஷம் லிவர்பூலுக்கு கார்னர். கார்னர் எடுக்க நேரமாகும்னு தண்ணி குடிக்க எழுந்தேன். சொம்பை வாயில வெச்சப்பவே கோல். பார்சா டிஃபெண்டருங்களும் அப்ப அதே மாதிரி வேற எங்கேயோதான் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அதுலேர்ந்து கார்னர் வந்தா எங்க வீட்டுல யாரும் நகரக்கூடாது. தங்கச்சியும் நகர மாட்டா.

ரெட்டுக்கு_ஃபாலோ:

கேரம் பக்கத்துலேர்ந்து ஒரு வார்த்தை. மஞ்சள் தம்பி கேட்ட கேள்விக்கு எங்க கிளப்புல பதில் இருக்கு.

வண்ணாரப்பேட்டை பக்கம் வந்து பாருங்க. பத்துக்குப் பத்து ரூம், போர்டுக்கு மேல தொங்குற பல்பு, போரிக் பவுடர் வாசனை, சுத்தி இருபது பேர். யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. டபுள்ஸ் ஆடுறப்ப பார்ட்னர் ரெட்டைப் போட்டுட்டு ஃபாலோவை, அதான் அடுத்து போட வேண்டிய காயை, விட்டான்னு வெச்சுக்கோங்க. ரெட்டு திரும்ப நடு போர்டுக்கு வந்துடும். அப்ப நீங்க "ச்சே"ன்னு ஒரு சத்தம் விட்டா போதும், வாத்தியார் ஸ்ட்ரைக்கரைப் பிடுங்கிடுவார். முகம்கூட மாறக்கூடாது. ஏன்னா உன் முகத்தைப் பார்த்துட்டுத்தான் அவன் அடுத்த ஷாட் அடிக்கப் போறான். இது எங்களுக்குப் பத்து வயசுலேயே சொல்லிக் கொடுத்தது.

அந்த மாதிரி ரூம்லேர்ந்துதான் ஆட்டோக்காரர் மகள் காசிமா 2024ல அமெரிக்கா போய் உலகக் கோப்பையில மூணு தங்கம் வாங்கிட்டு வந்துது. வயசு 17. அதுக்கு முன்னாடி நம்ம ஊரு மரிய இருதயம் ரெண்டு தடவை உலக சாம்பியன், 1996ல அர்ஜுனா விருது. கேரமுக்கு அர்ஜுனா வாங்கினவர் அவர்தான். காசிமா வந்து இறங்கின வாரம் எங்க கிளப்புல முதல் தடவையா சத்தம் போட அனுமதி. வாத்தியாரே விசில் அடிச்சார். அவருக்கு விசில் அடிக்கத் தெரியும்னே எங்களுக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

சிப்பாய்_பத்தாயிரம்:

செஸ் ஆளு நான். இந்த இழையை மூணு நாளா படிச்சுட்டு எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன்.

2024 டிசம்பர் 12. உலக சாம்பியன் போட்டி, குகேஷ், டிங் லிரன், 14வது ஆட்டம். நான் 47டி பஸ்ல நின்னுக்கிட்டே போன்ல பார்க்கிறேன். டிராதான்னு எல்லாரும் முடிவு கட்டியாச்சு. 55வது நகர்த்தல்ல டிங் யானையை நகர்த்தினார். யானைக்கு யானை வெட்டுனா, அடுத்து பிஷப்புக்கு பிஷப்பும் போயிடும். மிஞ்சுறது ராஜாவும் சிப்பாயும். குகேஷ்கிட்ட ஒரு சிப்பாய் கூடுதல். கதை முடிஞ்சுது. நான் பஸ்ல "ஐயோ யானை! யானை!"ன்னு அலறிட்டேன். டிரைவர் நிஜமாவே பிரேக் போட்டார். கண்டக்டர் ஜன்னல்ல தலையை விட்டு ரோட்டைப் பார்த்தார்.

குகேஷ் ஜெயிச்சுட்டான், 18 வயசு, உலக சாம்பியன்னு சொன்னதும் பஸ்ஸே தட்டுச்சு. கண்டக்டர் "முகப்பேர் பையனா?"ன்னு கேட்டார், அந்தப் பையன் படிச்ச ஸ்கூல் வாசல்லதான் அவருக்குத் தினமும் டிரிப்பாம்.

ஆனா போன்ல வேற ஒண்ணு ஓடிக்கிட்டு இருந்துது. டிங் தலையை மேஜையில வெச்சுக் குனிஞ்சிருந்தார். குகேஷ் அழுதான். அழுதுக்கிட்டே போர்டுல இருந்த காய்களை ஒண்ணொண்ணா எடுத்து அதனதன் இடத்துல அடுக்கினான். அப்புறம்தான் எழுந்தான். எங்க வாத்தியாரும் அதைத்தான் சொல்வார், ஜெயிச்சவன் காய் அடுக்கணும்னு. நான் கத்தினது டிங் விட்ட தப்புக்கு. அது எனக்கு அப்ப உறைக்கல, அந்தக் காய் அடுக்குற கையைப் பார்த்ததும் உறைச்சுது. மஞ்சள் ப்ரோ, நீங்க சொன்ன சின்னப் பையன் மாதிரி.

கண்ணகி_நகர்_ரெய்டர்:

எல்லாரும் சொல்லிட்டீங்க. நான் கபடி ஆடுற பொண்ணு, அதனால அவுட்டைப் பத்திப் பேச எனக்கு உரிமை இருக்கு.

கபடியில நம்மாளு அவுட் ஆனா வெளிய போய் கோட்டுக்கு அந்தாண்ட உட்காரணும். அவங்க திரும்ப உள்ள வரணும்னா மிச்சம் இருக்கிறவங்க எதிர் டீம்ல ஒருத்தரை அவுட் பண்ணணும். யார் முதல்ல போனாங்களோ அவங்கதான் முதல்ல வருவாங்க. அதனால ரெய்டுக்குப் போறப்ப என் மனசுல பாயின்ட்டே இருக்காது. வெளிய உட்கார்ந்து தரையைத் தட்டிக்கிட்டு இருக்கிற என் ஃபிரெண்டு முகம்தான் இருக்கும். அவளை உள்ள கூட்டிட்டு வரணும். எங்க ஆட்டத்துல நம்மாளு அவுட்டுக்கு யாராவது கைதட்டினா அவங்களுக்கு ஆட்டமே புரியலைன்னு அர்த்தம்.

கார்த்திகா அக்கா 2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல ஆசிய யூத் கேம்ஸ்ல தங்கம் ஜெயிச்சாங்க. ஃபைனல்ல ஈரானை 75-21. அவங்க திரும்பி வந்த அன்னிக்கு எங்க ஏரியா பேரை டி.வி.யில சொன்னாங்க. ஏரியா பேர் சொன்னா வீடு தர மாட்டான், வேலை தர மாட்டான்னு கேட்டுக் கேட்டு வளர்ந்த பசங்க நாங்க. அன்னிக்கு எங்க அம்மா ஃபோன்ல சொந்தக்காரங்ககிட்ட "கண்ணகி நகர், ஆமா, கண்ணகி நகர்தான்"னு ரெண்டு தடவை சத்தமா சொன்னாங்க. கைதட்டல் எங்க போய்ச் சேரணும்னு யாராவது கேட்டா எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

தொண்ணூத்தொம்பது:

தங்கச்சி, இதை எங்க அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். "அந்தப் பொண்ணு மேட்ச் எங்க நடக்குதுன்னு கேளு, போலாம்"ங்கிறார். வயசு எழுபத்திரண்டு. தூக்கு இன்னும் வீட்டுல இருக்கு.

கண்ணகி_நகர்_ரெய்டர்:

கட்டாயம் சொல்றேன் அண்ணா. தாத்தாவுக்கு நாற்காலி போட்டுடுறோம்.

ஜே_கேலரி_பொண்ணு:

சரி. நான் கட்சி மாறுறேன். கபடி சிஸ்டர்தான் மாத்தினாங்க.

ராஜஸ்தான் எப்ப சேப்பாக்கத்துக்கு ஆட வந்தாலும், ஜடேஜா பேட்டோட படி இறங்குறப்ப நாம எழுந்து நிக்கணும். விசில் இல்ல, கோஷம் இல்ல. எழுந்து நின்னு தட்டணும். யாரெல்லாம் வர்றீங்க?

காஜி_மன்னன்:

நான் வர்றேன். எங்க அண்ணனையும் இழுத்துட்டு வர்றேன், அவனுக்கும் ஒரு மன்னிப்பு பாக்கி. ஆனா ஒரு சந்தேகம். எழுந்து நின்னு தட்டுறோம், சரி. அப்புறம் அவர் நாலு சிக்ஸ் அடிச்சு நம்மளைப் பொளந்துட்டு, சஞ்சு கையில கேட்ச் கொடுத்து அவுட் ஆனா? அப்ப கத்தலாம்ல? இப்ப அவர் எதிர் டீமாச்சே?

மாம்பலம்_மஞ்சள்:

அப்ப தாராளமா கத்தலாம்.

ஆனா அவர் படி ஏறுறப்ப திரும்பவும் எழுந்து நிக்கணும். அன்னிக்கு அந்தப் பையன் மட்டும்தான் அவரைக் கடைசி வரைக்கும் பார்த்தான். இந்தத் தடவை நாம பார்க்கணும்.

பேனர் ஒண்ணு எழுதலாம்னு நினைக்கிறேன். பேர் வேணாம், நம்பர் வேணாம். "6, 4" அவ்ளோதான். அவருக்குப் புரியும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க மொட்டை மாடி. துணி அம்மா தர்றேன்னாங்க, பழைய வேட்டி. வெள்ளைதான் நல்லது, ரெண்டு டீமுக்கும் பொது.

ஜே_கேலரி_பொண்ணு:

ஓரத்துல ஒரு வாள் வரைஞ்சே ஆகணும்னு என் தம்பி அடம் பிடிக்கிறான். அவன் வரைஞ்சா அது கத்திரிக்கா மாதிரி வரும், நான் பென்சில்ல போட்டுத் தர்றேன்.

வியாசை_நம்பர்_பத்து:

பெயின்ட் வாங்காதீங்கோ. 2026 வேர்ல்டு கப்புக்குச் சுவர்ல கொடி வரைய மஞ்சளும் பச்சையும் இப்பவே வாங்கி வெச்சுக்கீறோம். ஒரு டப்பா மஞ்சள் நான் எடுத்தாறேன். பிரஷ்ஷும் கீது. மாடிக்கு எத்தனை மணிக்கு வரணும்?